பன்னிரண்டு மேஜைக்கும் பூ

என் சித்தி மடித்து வைத்த துணியைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. இருபத்தாறு வருஷமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக உள்ளே போகும். துவைத்து, உலர்ந்து, இஸ்திரி ஆகி, இன்னொரு கதவு வழியாகச் சித்தியின் மேஜைக்கு வரும். கறை பார்த்து, கிழிசல் பார்த்து, மடித்து அடுக்கி அனுப்புவது அவள் பொறுப்பு. ஓரம் அரை விரல் விலகியிருந்தால் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'. அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

சித்திக்கு ஒரே மகள். எனக்குத் தங்கச்சி முறை. இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது இருபத்தெட்டு வயசு. நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட அச்சேறாது. சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அவள் நண்பர்களின் கை பாஷையில் அவள் பெயரே அதுதான்: சுட்டுவிரலால் கன்னத்தை ஒரு தொடு.

மாப்பிள்ளை தச்சர். அவருக்கும் காது கேட்காது, அவர் அம்மாவுக்கும் கேட்காது. கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் எளிமையாக முடித்துக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் ஒரு வரவேற்பு வைப்பது என்று முடிவானது. மாடியில் பெரிய ஜன்னல்கள் உள்ள கூடம். பன்னிரண்டு வட்ட மேஜை, மேஜைக்கு எட்டுப் பேர். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கையால் பேசுகிறவர்கள்.

மேஜை அலங்காரத்துக்கு முதலில் ஒரு அலங்காரக்காரரிடம்தான் போனார்கள். நானும் போயிருந்தேன். அவர் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு சித்தியிடம் கேட்டார்:

"பொண்ணுக்கு என்ன கலர் பிடிக்கும் மேடம்?"

பொண்ணு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அவளயே கேளுங்களேன். எழுதிக் காட்டினா சொல்லுவா" என்றாள் சித்தி.

அவர் தங்கச்சியைப் பார்த்து, சின்னக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தார். பக்கத்தைப் புரட்டினார். "பரவால்ல மேடம், நீங்க சொன்னாப் போதும்."

சித்தி ஆல்பத்தை மூடினாள். மூடிய அட்டையை மேஜை ஓரத்தோடு நேராக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "நாங்களே செஞ்சுக்கறோம்."

வெளியே வந்ததும் தங்கச்சி கையால் கேட்டாள், 'உனக்குப் பூ அடுக்கத் தெரியுமா?'

'துணி அடுக்கத் தெரியும்ல' என்று சித்தி காட்டினாள். அதைக் காட்டவே அவளுக்கு மூன்று தடவை ஆனது. சித்தியின் கை பாஷை அரைகுறை. வீட்டுக்குள் தானாக முளைத்த சில சைகை, மீதி உதட்டசைவு. கோபம் வந்தால் மட்டும் ஃபோனை எடுத்துத் தட்டெழுத்தில் திட்டுவாள். சித்தப்பா அப்படியில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் மகளோடு கையால் மணிக்கணக்கில் அரட்டை அடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும்போது சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னவாம்? என்னவாம்?" என்பாள். சித்தப்பா சுருக்கிச் சொல்வார். சுருக்கிச் சொன்ன ஜோக்கில் என்ன இருக்கும்? சித்தி கடமைக்குச் சிரித்துவிட்டுப் போவாள்.

பூ வேலை தொடங்கியது. தங்கச்சி ஊருக்குத் திரும்பிப் போயிருந்தாள். 'உன் இஷ்டம், நீயே பாத்துக்கோ' என்று செய்தி அனுப்பிவிட்டாள். சித்திக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். மகளுக்கு எதுவும் காட்டக்கூடாது, அன்றைக்கு வந்து அசந்து போகவேண்டும் என்று எங்களிடமெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மேஜையில் பூ பரீட்சை நடந்தது. ஒவ்வொரு வகையையும் வாங்கி வந்து மூன்று நாள் வைத்துப் பார்ப்பது சித்தியின் முறை. முதலில் லில்லி. இரண்டாம் நாளே அதன் மகரந்தம் மேஜை விரிப்பில் கொட்டி மஞ்சளாக அப்பிக்கொண்டது. சித்தப்பா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தொடாதீங்க! தண்ணி பட்டா ஜென்மத்துக்கும் போகாது!" என்று அலறினாள் சித்தி. ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து, ஒத்தி ஒத்தி மகரந்தத்தைத் தூக்கினாள். அதோடு லில்லிக்குக் கல்தா.

அடுத்தது ஜெர்பரா. காலையில் சூரியன் மாதிரி நிமிர்ந்து நிற்கும், மத்தியானம் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுவிடும். ரோஜா நன்றாக இருந்தது, ஆனால் சித்திக்கு ஒரு இதழ் உதிர்ந்தாலும் பொறுக்கவில்லை. கடைசியில் கார்னேஷன் ஜெயித்தது. சுருக்கு வைத்துத் தைத்த துணி போல இருக்கும் அந்தப் பூ. எட்டு நாள் ஆகியும் அப்படியே இருந்தது. "இதுதான் பொறுப்பான பூ" என்றாள் சித்தி. அதோடு உயரத்துக்காகக் கிளாடியோலஸ். ஒரே தண்டில் கீழிருந்து மேலாக வரிசையாகப் பூக்கும், வெள்ளையும் வெளிர் சிவப்பும். அந்த ஒழுங்கு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முழங்கை உயரத்துக்குப் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவை வாங்கினாள். பூவோடு சேர்த்து நிறுத்தினால் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் ஒரு சாண் போகும். முதல் குடுவையை நிறுத்திவிட்டு அறைக்கு வெளியே போய், வாசலில் நின்று பார்த்தாள்.

"உள்ள வர்றவங்க கண்ணு முதல்ல இதுமேலதான் விழும். எப்படி இருக்கு?"

"ராஜ கம்பீரமா இருக்கு சித்தி" என்றேன். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. சித்தப்பா மட்டும் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர், தும்மல் வந்து விட்டுவிட்டார்.

வரவேற்பு நாள். மாலை நாலு மணிக்கு விருந்தாளிகள் வருவார்கள். நானும் சித்தியும் சித்தப்பாவும் காலை ஏழு மணிக்கே கூடத்துக்குப் போய்விட்டோம். வெள்ளை விரிப்புகளைச் சித்தி தானே போட்டாள். குடுவைகளில் தண்ணீர் ஊற்றி, தண்டுகளைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து கிளாடியோலஸ், ஒன்பது கார்னேஷன். ஒன்பதரைக்குப் பன்னிரண்டும் முடிந்தது. ஜன்னல் வெயிலில் கூடமே ஜொலித்தது. சித்தி சுவரில் சாய்ந்து நின்று முதல் தடவையாக டீ குடித்தாள்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை மூன்று நண்பர்களோடு நாற்காலி போட வந்தார். பூக்களைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். சித்தி முகம் மலர்ந்து போனது.

நாற்காலிகளைப் போட்டு முடித்து, நாலு பேரும் ஜன்னலோர மேஜையில் களைப்பாற உட்கார்ந்தார்கள். பேச ஆரம்பித்தார்கள். எதிரும் புதிருமாக இருந்தவர்கள் இடது பக்கம் சாய்ந்தார்கள், வலது பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்களில் ஒரு பெண், நெட்டையானவள், எழுந்து குடுவையை இரண்டு கையாலும் தூக்கி, மேஜைக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பேச்சு தொடர்ந்தது.

சித்தியின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது.

"பாத்தியாடி? தூக்கிக் கீழ வெச்சுட்டா. குப்பைக்கூடை மாதிரி."

"இடிச்சிடும்னு வெச்சிருப்பா சித்தி" என்று சமாளித்தேன்.

"ஆறு வாரம்டி. பிடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே?"

விறுவிறுவென்று போய் இன்னொரு மேஜையில் பொத்தென்று உட்கார்ந்தாள். சித்தப்பா அதே மேஜைக்கு எதிர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தார். குடுவைக்கு அந்தப் பக்கமிருந்து கையால் எதையோ காட்டினார்.

"என்ன காட்டறீங்க? தெரியல."

மறுபடி காட்டினார். சித்தி எக்கினாள், குனிந்தாள். தண்டுகளுக்கு நடுவே அவர் முழங்கை தெரிந்தது, ஒரு காது தெரிந்தது. கை தெரியவில்லை.

அதற்கு மேல் அவர் காட்டவில்லை, காட்டத் தேவையும் இருக்கவில்லை. சித்தி குடுவையைப் பார்த்தாள். பிறகு வரிசையாகப் பன்னிரண்டு மேஜையையும் பார்த்தாள். கையைப் பார்த்துப் பேசுகிற அறுபது பேர். மேஜைக்கு மேஜை நடுவில் அவளே நட்டு வைத்த ஒரு வேலி.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வீட்டில பாத்தப்போ லேசாத் தோணிச்சு" என்றார் சித்தப்பா. "நீ அவ்வளவு ஆசையா செஞ்சே. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

சித்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. எழுந்து நேராக மாப்பிள்ளையிடம் போனாள். குடுவையைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டு, 'எவ்வளவு உயரம் வரைக்கும்?' என்று கையால் கேட்டாள். அந்த ஒரு கேள்வி முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

மாப்பிள்ளை 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். சித்தி விடவில்லை. கடைசியில் அவர் தச்சர் புத்தியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நண்பரை உட்கார வைத்து, பேசிக் காட்டினார். கை எவ்வளவு தாழ இறங்குகிறது என்று பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு அட்டையில் கோடு போட்டு மேஜையில் நிறுத்தினார். நாலு விரல் உயரம். அவ்வளவுதான் பூவுக்கு இடம்.

நாலு விரல் உயரத்துக்கு எதில் பூ வைப்பது? கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் ஓடினோம். அவர் கூடத்துச் சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார். கேக் சுடுகிற தகரத் தட்டுகள், வட்டமாக, தாழ்வாக, ஒன்று போல பதினாலு. அடியெல்லாம் கரி பிடித்து நிறம் மாறிக் கிடந்தன.

"இதையா மேஜைல வைக்கப் போறீங்க?" என்றார் அந்த அம்மா.

"தட்டு யாருக்கும் தெரியாது" என்றாள் சித்தி. சாப்பாட்டு மேஜைக்கென்று வைத்திருந்த வெள்ளைக் கைத்துண்டுகளை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூலையை மடித்துச் செருகுவதுபோல ஒவ்வொரு தட்டையும் சுற்றிச் செருகினாள். ஒரு ஊசி இல்லை, முடிச்சு இல்லை. கரித்தட்டு வெள்ளைக் கிண்ணமாகிவிட்டது. பைக்குள்ளிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, தட்டின் வாயில் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிக் கட்டம் கட்டினாள். அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொரு கார்னேஷனாக நிற்க வேண்டும்.

பிறகு வெட்டுகிற வேலை. நீளத் தண்டுகளை ஒட்ட நறுக்கினோம். மாப்பிள்ளையின் நண்பர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நெட்டைப் பெண் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தே பிளாஸ்திரி ஒட்டக் கற்றுக்கொண்டாள். சித்தி கொஞ்ச நேரம் மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரிக்கோலை நிறுத்தாமலே என்னிடம் சொன்னாள்:

"உன் தங்கச்சிய நாலு வயசுல ஒரு ஸ்கூல்ல சேத்தோம். கையால பேச விட்டா வாய் பேசவே வராது, வீட்டிலயும் கையைப் பிடிச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் பிடிச்சேன். ஏதாவது கேக்கணும்னு கையைத் தூக்குவா. நான் பிடிச்சு மடியில அமுக்குவேன். உன் சித்தப்பாதான் ஒரு நாள் வந்து என் கையை எடுத்து விட்டாரு."

நான் அடுத்த கட்டுத் தண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"அதுக்கப்புறம் நானும் கத்துக்க உக்காந்தேன். ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி ரொம்ப தூரம் போயிட்டாங்க. வெக்கமா இருந்துது. விட்டுட்டேன்." ஒரு தண்டை நறுக்கென்று வெட்டினாள். "இன்னிக்கும் பாரு. நல்லவேளை, மணி பத்தரைக்கே தெரிஞ்சுது."

கிளாடியோலஸ்தான் பிரச்சினை. தண்டைக் குட்டையாக வெட்டினால் பூவே மிஞ்சாது. அவ்வளவையும் வீசவும் மனசில்லை. கூடத்து அம்மாதான் வழி சொன்னார்: "ஒவ்வொரு பூவா கிள்ளி, சாஸர்ல தண்ணி ஊத்தி மிதக்க விடுங்களேன்." விட்டுப் பார்த்தோம். தண்ணீரில் விரிந்து, தண்டில் இருந்ததைவிட அழகாக இருந்தது. ஒவ்வொரு வெள்ளைக் கிண்ணத்தைச் சுற்றியும் மூன்று சாஸர், சாஸருக்கு இரண்டு பூ.

ஒன்றேமுக்காலுக்குப் பன்னிரண்டும் முடிந்தது. மாப்பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் அளந்தார். ஒன்பதாவது மேஜையில் ஒரு கார்னேஷன் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சித்தியைத் திரும்பிப் பார்த்தார். சித்தி கத்தரிக்கோலோடு ஓடினாள். அளவு விஷயத்தில் மருமகன் தனக்கு மேலே என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வாயெல்லாம் பல்.

இரண்டரைக்குத் தங்கச்சி வந்தாள். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தாள். அவள் நேராக ஒரு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே நெட்டைப் பெண்ணை உட்காரச் சொல்லி, ஏதோ சொன்னாள். அவள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று சித்தி சித்தப்பாவிடம் கேட்கவில்லை. நேராக மகளிடமே போனாள். நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். பாதி கை, பாதி உதடு. உயரத்தைக் காட்டினாள், முகத்தை மறைத்துக் காட்டினாள், மார்பில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். தங்கச்சி அவள் கை இரண்டையும் பிடித்து நிறுத்தினாள். பிறகு விட்டுவிட்டு, மெதுவாக, சித்திக்குப் புரிகிற வேகத்தில் சொன்னாள்:

'எனக்குத் தெரியும்.'

'என்ன தெரியும்?'

'போன மாசம் வந்தப்போ அலமாரில குடுவையைப் பாத்தேன். பன்னிரண்டு. இவ்வளவு உயரம்.' தலைக்கு மேலே காட்டினாள். 'இவகிட்ட சொல்லி வெச்சேன். ஃபோட்டோ எடுத்து முடிச்சதும் எல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சிடுன்னு.'

நெட்டைப் பெண் கையைத் தூக்கி, 'நான்தான், காலைல மறந்துபோய் முன்னாடியே இறக்கிட்டேன்' என்று காட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'சொல்லியிருக்கலாமே!'

'நீ சந்தோஷமா இருந்தே' என்றாள் தங்கச்சி.

"அப்பனும் மகளும் ஒரே மாதிரி" என்று சித்தி வாய்விட்டுத் திட்டினாள். திட்டும்போதே அவள் தோள் இறங்கி முகம் இளகிவிட்டது. மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி பெருமூச்சு விட்டாள். தங்கச்சி குனிந்து பிளாஸ்திரிக் கட்டத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள், துணி மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பிழை திருத்துகிற அதே கண். 'ஒரு தப்பும் இல்லை' என்றாள்.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்தது. அவ்வளவு பேர் இருந்தும் நாற்காலி இழுபடுகிற சத்தமும், சிரிப்பும், தட்டுச் சத்தமும்தான். பேச்சு முழுக்கக் காற்றில், பூவுக்கு மேலே. ஒரு கிண்ணம்கூட இடம் மாறவில்லை. ஒரு சாஸர் மட்டும் யாரோ உற்சாகத்தில் கையை வீசியதில் கவிழ்ந்தது.

சித்தியை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மா தையல்காரர். இதற்கு முன் நாலு தடவை சந்தித்திருக்கிறார்கள். நாலு தடவையும் நடுவில் யாராவது மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த அம்மா கிண்ணத்தின் துணி மடிப்பைக் காட்டி, எப்படி என்று புருவத்தைத் தூக்கினார். சித்தி ஒரு கைத்துண்டை எடுத்து மடித்துக் காட்டினாள். அந்த அம்மா தன் சட்டைக் கையில் இருந்த ஒரு மைக்கறையைக் காட்டினார். சித்தி கறை எடுக்கிற விதத்தை ஒத்தடம், அலசல், பிழிதல், நிழலில் உலர்த்தல் என்று கையாலேயே சொன்னாள். இருபத்தாறு வருஷமாகச் செய்கிற வேலை, அதற்குக் கை தேடித் தடுமாறவில்லை. நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன், தேவைப்பட்டால் சித்தப்பாவைக் கூப்பிடலாம் என்று. இரண்டு தடவையும் சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் போன பிறகு சித்தப்பா கேட்டார், "சாப்பிட்டியா?"

சித்தி யோசித்தாள். காலை டீக்கு அப்புறம் எதுவுமே உள்ளே போகவில்லை. சித்தப்பா இரண்டு தட்டில் சாப்பாடு எடுத்து வந்தார். காலியான கூடத்தில், ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சித்தி வயிறு நிறையச் சாப்பிட்டாள். தங்கச்சி வந்து அவள் தட்டிலிருந்து கேக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். சித்தி வாயில் சோறு இருந்ததால் கையாலேயே திட்டினாள்.